உலாவியை மாற்றும் வழி அடைபடக் கூடாது

‘கூகுள் குரோம் பயன்படுத்துவோருக்கு மத்திய அரசு எச்சரிக்கை’ என்ற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், ஓர் உலாவியில் ஆபத்தான ஓட்டை இருப்பது தெரியவந்ததும் அறிவிப்பு வெளியிடுகிறது. அதில் பெரும்பாலும் இருக்கும் அறிவுரை ஒன்றுதான்: புதிய பதிப்பை உடனே நிறுவுங்கள். அதே செய்தி வாட்ஸ்ஆப் குழுக்களைச் சுற்றி வரும்போது, ‘குரோமையே தூக்கிவிட்டு வேறு பிரவுசருக்குப் போய்விடுங்கள்’ என்று ஆகிவிடுகிறது. பயந்துபோய் மாறுகிறவர்கள் உண்டு. ‘இப்படி எத்தனை எச்சரிக்கை பார்த்தாயிற்று’ என்று எதுவும் செய்யாமல் விடுகிறவர்களும் உண்டு.

பாதுகாப்புக்காக உலாவியை மாற்றுவது சரியா என்றால், உரிய நேரத்தில் அது சரியே. அந்த நேரம் வரும்போது மாற முடியாதபடி மக்களைக் கட்டிப்போட்டிருந்தால் எந்த எச்சரிக்கைக்கும் பொருளில்லை. விரும்பிய உலாவிக்கு மாறும் சுதந்திரம், பாதுகாப்பின் ஓர் அங்கம். அதைக் காக்க வேண்டிய முதல் பொறுப்பு அரசுக்கு உண்டு. வங்கிக் கணக்கு, வருமான வரி, பட்டா, தேர்வு முடிவு, ரயில் டிக்கெட் என அனைத்தும் உலாவி வழியாக நடக்கும் காலத்தில் இதைத் தொழில்நுட்பர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

கடந்த கால அனுபவம் தெளிவாக இருக்கிறது. 2004 ஜூனில் பல இணையதளங்களுக்குள் புகுந்த விஷமிகள் அங்கே நச்சு நிரலை ஒளித்துவைத்தனர். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தத் தளத்தைத் திறந்தாலே போதும். ரகசியத் தகவல்களைத் திருடும் மென்பொருள் கணினிக்குள் இறங்கிவிடும். அப்போது உலகில் 10 பேரில் 9 பேர் பயன்படுத்திய உலாவி அது. தற்காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்றாக ‘வேறு உலாவியைப் பயன்படுத்தலாம்’ என்று அமெரிக்க அரசின் யுஎஸ்-செர்ட் அமைப்பு அன்று வெளிப்படையாகச் சொன்னது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். போட்டி உலாவியான நெட்ஸ்கேப்பை வீழ்த்திவிட்ட மைக்ரோசாஃப்ட், 2001இல் 6ஆம் பதிப்பை வெளியிட்டதோடு தன் உலாவியை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்தது. 2004 நவம்பரில் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. மக்கள் மாறத் தொடங்கினார்கள். 5 ஆண்டுகள் தூங்கிக்கிடந்த எக்ஸ்ப்ளோரருக்கு 2006 அக்டோபரில் 7ஆம் பதிப்பு வந்தது. பாதுகாப்பைத்தான் அதன் பெரிய சிறப்பாக நிறுவனம் முன்னிறுத்தியது. பயனர்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்ற அச்சம் இல்லாமல் இது நடந்திருக்காது. சிலர் வெளியேறியதால், வெளியேறாமல் இருந்த கோடிக்கணக்கானோருக்கும் பாதுகாப்பு கூடியது. உலாவியை மாற்றும் சுதந்திரத்தைப் பொதுநலன் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுவே.

எப்போது மாற வேண்டும் என்பதற்கு 2010 ஜனவரி நல்ல எடுத்துக்காட்டு. சீனாவிலிருந்து தன் கணினிகள்மீது தாக்குதல் நடந்ததாக அந்த மாதம் 12ஆம் தேதி கூகுள் அறிவித்தது. குறைந்தது 20 நிறுவனங்களாவது இதேபோல் குறிவைக்கப்பட்டதாகவும் சொன்னது. தாக்கியவர்கள் பயன்படுத்தியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதுவரை வெளியே தெரியாதிருந்த ஓர் ஓட்டையை. திருத்தம் இன்னும் தயாராகவில்லை. தாக்குதல் நிரலோ பொதுவெளிக்கே வந்துவிட்டது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, திருத்தம் வரும்வரை வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களிடம் கூறியது. பிரான்சும் அதையே சொன்னது. மாதாந்திர வெளியீட்டுக்குக் காத்திராமல் 21ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டது. ஓட்டை தெரிந்துவிட்டது, தாக்குதல் நடக்கிறது, திருத்தம் இல்லை: இந்த மூன்றும் ஒன்றுசேரும் நாட்களில் உலாவியை மாற்றுவதே அறிவுடைமை. திருத்தம் கையில் இருக்கும்போது அதை நிறுவுவதே முதல் வேலை.

அதே வேளையில் பிரிட்டன் என்ன செய்தது? முழுமையாகத் திருத்தப்பட்ட எக்ஸ்ப்ளோரரிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் பாதுகாப்பு கூடும் என்பதற்கு ஆதாரமில்லை என்றது அந்நாட்டு அரசு. அரசுத் துறைகள் 2001ஆம் ஆண்டின் 6ஆம் பதிப்பைக் கைவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் மனு அளித்தனர். துறைகளுக்குள் பயன்படும் மென்பொருள்களை எல்லாம் மறுபடி சோதித்துப் பார்க்கப் பெரும் செலவாகும் என்று அதற்குப் பதில் வந்தது. ஓர் அரசே தன் பழைய உலாவியிடம் மாட்டிக்கொண்டு, ஆபத்து தெரிந்தும் நகர முடியாமல் நின்ற நிலை அது.

மாட்டிக்கொள்வது எப்படி என்பதைத் தென் கொரியாவைப் போல வேறெந்த நாடும் அனுபவித்ததில்லை. 1990களின் இறுதியில் வலுவான குறியாக்கத் தொழில்நுட்பத்தை வெளிநாடுகளுக்குத் தர அமெரிக்கா தடை வைத்திருந்தது. கொரியா தானே ‘சீட்’ என்ற குறியாக்க முறையை உருவாக்கிக்கொண்டது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால், அது எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும் ‘ஆக்டிவ்எக்ஸ்’ துணை மென்பொருளாக வந்தது. அரசு அங்கீகரித்த மின்சான்றிதழ் இல்லாமல் வங்கிப் பரிமாற்றமோ பெரிய தொகைக்கான இணையக் கொள்முதலோ செய்ய முடியாது என்று விதிகள் இறுகின. 2000இல் அமெரிக்கா தடையைத் தளர்த்திய பிறகும் கொரியாவால் வெளியே வர முடியவில்லை. ஒவ்வொரு வங்கித் தளமும் ‘இந்த மென்பொருளை நிறுவுங்கள்’ என்று கேட்டது. மக்கள் ‘சரி’ என்று அழுத்தி அழுத்தியே பழகிவிட்டார்கள். தீய மென்பொருளைப் பரப்புகிறவர்களுக்கு இதைவிடச் சாதகமான பழக்கம் வேறில்லை.

2014 மார்ச்சில் அதிபர் பார்க் குன்-ஹே ஒரு கூட்டத்தில் இதற்கு உதாரணம் காட்டினார். சீனாவில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்த கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நாயகி அணிந்திருந்த மேலங்கியை வாங்க அங்குள்ள ரசிகர்கள் விரும்பினார்கள். சான்றிதழ் முறை குறுக்கே நின்றதால் வாங்க முடியவில்லை என்றார் அவர். அதிபரே குறைப்பட்டுக்கொண்ட பிறகும், அந்தச் சான்றிதழின் சட்டபூர்வ தனியுரிமை முடிவுக்கு வந்தது 2020 டிசம்பரில்தான். பாதுகாப்பின் பெயரால் மக்களை ஒரே உலாவியில் பூட்டிவைத்ததற்கு ஒரு தேசம் கொடுத்த விலை 20 ஆண்டுகள்.

நம் நாடும் இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறது. மின் ஒப்பந்தப்புள்ளி போடும் ஒப்பந்ததாரர்களையும் ஆடிட்டர் அலுவலக ஊழியர்களையும் கேட்டால் சொல்வார்கள்: டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருக வேண்டும், குறிப்பிட்ட ஜாவா பதிப்பை நிறுவ வேண்டும், எக்ஸ்ப்ளோரரில் ‘நம்பகமான தளங்கள்’ பட்டியலில் முகவரியைச் சேர்க்க வேண்டும், பாதுகாப்பு அளவைக் குறைக்க வேண்டும் என்ற நிலை முன்பு இருந்தது. அரசுத் தளத்தின் உதவிக் குறிப்பே பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. இதற்கென்றே ஒரு பழைய கணினியை அப்டேட் செய்யாமல் வைத்திருந்த அலுவலகங்கள் உண்டு. 2022 ஜூன் 15இல் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. பழைய தளங்களை மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்காகத் தன் எட்ஜ் உலாவிக்குள் எக்ஸ்ப்ளோரர் வசதியை அது இன்னும் பேணிவருகிறது.

அந்தக் கதை முடிந்தது என்று நிம்மதி அடைய முடியாது. ஆதிக்கம் வேறு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. ஓபரா 2013இலும், எட்ஜ் 2020இலும் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டன. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் அதன் மேல் கட்டப்பட்டவையே. குரோமில் ஓட்டை என்று கேள்விப்பட்டு எட்ஜுக்கு ஓடுகிறவர், தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே பூட்டு போட்டிருக்கும்போது வீடு மாறுகிறவரைப் போன்றவர். உண்மையில் வேறு அடித்தள இயந்திரத்தில் (எஞ்சின்) ஓடும் பெரிய உலாவிகள் ஆப்பிளின் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும்தான். அதிலும் ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தரும் தேடல் ஒப்பந்தப் பணம். மாற்று என்று மிஞ்சியிருப்பது இவ்வளவு மெல்லிய இழை.

வேறு இயந்திரமும் எல்லா நேரமும் காப்பாற்றாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைக் கையாளும் பொது நிரலில் ஓர் ஓட்டை தெரியவந்தது. நச்சு ஏற்றிய ஒரு படம் திரையில் திறந்தாலே ஆபத்து. குரோம், எட்ஜ், பிரேவ், ஃபயர்ஃபாக்ஸ் என எல்லாவற்றிலும் அதே நிரல் இருந்தது. எல்லாமே ஓரிரு நாட்களில் திருத்தம் வெளியிட்டன. அன்று தப்பித்தவர்கள் உடனே அப்டேட் செய்தவர்கள்.

‘அப்படியானால் அப்டேட் செய்தாலே போதுமே, மாறும் சுதந்திரம் எதற்கு?’ என்று கேட்கலாம். அந்தத் திருத்தங்கள் இவ்வளவு விரைவாக வந்ததே போட்டியால்தான். ஆறேழு நாட்கள் தாமதித்தால் பயனர் போய்விடுவார் என்று தெரிந்த நிறுவனம் ஓரிரு நாளில் திருத்தும். போக இடமில்லை என்று தெரிந்த நிறுவனம் 5 ஆண்டுகள் தூங்கும். 2001க்கும் 2006க்கும் இடையில் நாம் கண்டது அதைத்தான். அப்டேட் இன்றைய ஓட்டையை அடைக்கிறது. மாறும் சுதந்திரம் நாளைய அப்டேட்டுக்கு உத்தரவாதம் தருகிறது.

இந்தியாவுக்கென்று ஓர் உலாவி வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் போட்டி அறிவித்தது. 2025இல் தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ முதலிடம் பெற்று 1 கோடி ரூபாய் பரிசு வென்றது. அதன் ‘உலா’ உலாவி நம் மண்ணில் உருவானது என்பதில் பெருமை கொள்வோம், விரும்புகிறவர்கள் பயன்படுத்தட்டும். அதுவும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதே என்பதை மறக்க வேண்டாம். நாளை ஏதாவதொரு துறை ‘எங்கள் தளம் இந்திய உலாவியில் மட்டுமே திறக்கும்’ என்று சொல்லத் துணிந்தால் அதை முதல் நாளே எதிர்க்க வேண்டும். நாட்டுப்பற்றோடு தொடங்கிய கொரியாவின் ‘சீட்’ எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் பார்த்துவிட்டது.

அரசு செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. அரசு இணையதளங்களைப் பல உலாவிகளில் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே கூறுகின்றன. மின் ஆளுமையில் திறந்த தரநிலைகள் வேண்டும் என்ற கொள்கை 2010இலேயே வந்துவிட்டது. இவற்றை மென்பொருள் ஒப்பந்தங்களில் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். வெவ்வேறு இயந்திரங்களில் ஓடும் மூன்று உலாவிகளிலாவது முழுமையாக இயங்காத தளத்துக்கு இறுதித் தவணையை வழங்கக் கூடாது. வங்கித் தளங்களுக்கும் ரிசர்வ் வங்கி இதே விதியை வகுக்க வேண்டும். இ-சேவை மையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் ஆதரவு முடிந்த விண்டோஸ் பதிப்புகளில் ஓடும் கணினிகளை அகற்ற வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. செர்ட்-இன் எச்சரிக்கைகள் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வர வேண்டும். எந்தப் பதிப்புக்கு ஆபத்து, திருத்தம் வந்துவிட்டதா, அப்டேட் போதுமா அல்லது தற்காலிகமாக மாற வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கு அந்த அறிவிப்பு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. குரோம் போன்ற உலாவிகள் திருத்தத்தைத் தாமாகவே இறக்கிக்கொள்கின்றன. ஆனால் மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். முப்பது நாற்பது பக்கங்களைத் திறந்துவைத்து, கணினியை அணைக்காமலே வாரக்கணக்கில் ஓட்டுகிறவரின் உலாவி, திருத்தம் வந்த பிறகும் பழைய ஓட்டையோடுதான் இயங்குகிறது. மேல் மூலையில் அப்டேட் அறிவிப்பு தெரிந்த அன்றே மூடித் திறக்க வேண்டும். குரோமியம் சாராத இன்னோர் உலாவியையும் கணினியில் வைத்துக்கொண்டு அவ்வப்போது பயன்படுத்த வேண்டும். அதில் ஒரு வங்கித் தளமோ அரசுத் தளமோ திறக்க மறுத்தால், சத்தமில்லாமல் பழைய உலாவிக்குத் திரும்பாமல் அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுத வேண்டும்.

அடுத்த பெரிய ஓட்டை எந்த உலாவியில் தெரியவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று ‘திருத்தம் வரும்வரை வேறொன்றைப் பயன்படுத்துங்கள்’ என்று அரசு அறிவிக்க நேர்ந்தால், அந்த அறிவிப்பை நிறைவேற்ற ஒவ்வொரு குடிமகனாலும் முடிய வேண்டும். அரசின் சொந்த இணையதளங்களே அதற்குத் தடையாக நிற்பதை இனியும் அனுமதிக்க முடியாது.