மார்ச்சார நியாயம் அறியாத காப்பீடு

பூனைக்குக் காப்பீடா என்று நகைப்பவர்களை முதலில் செட்டிகுளத்துக்கு அழைக்கிறோம். கரும்பேந்திய தண்டாயுதபாணியின் குன்றடியில் கிடக்கும் இவ்வூரில், காப்பீடு என்ற சொல்லைக் கேட்டறியாத வீடு ஒன்றுகூட இராது. சின்ன வெங்காயம் நட்டவர் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது என்று விசாரித்தபடி இருக்கிறார். 2016இல் வந்த பிரதமரின் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு. கறவை மாடு வைத்திருப்பவருக்குக் காதுத்தோட்டின் அருமை தெரியும். தோடு இல்லையேல் இழப்பீடு இல்லை. 2024இல் ஒன்றிய அரசு கால்நடைக் காப்பீட்டுத் தவணையில் வளர்ப்போர் பங்கை 15 விழுக்காடாகக் குறைத்தது. அந்தத் திட்டத்தின் பட்டியலில் மாடும் ஆடும் மட்டுமல்ல, கழுதை உண்டு, ஒட்டகம் உண்டு, முயல்கூட உண்டு. மக்காச்சோள மூட்டைகளை எலியிடமிருந்து காத்து நிற்கும் பூனை இல்லை.

பூனை தனியாரிடம் போக வேண்டும். போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. அரசுடைமைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் நாய்க்கு வெகுநாட்களாகவே பாலிசி தந்தன. அண்மைய ஆண்டுகளில் தனியார் நிறுவனங்கள் சில பூனையையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. விளம்பரங்களில் பூனை மெத்தையில் புரள்கிறது. அதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் விண்ணப்பத்தின் சிறிய எழுத்துகளுக்கு வந்ததும் விஷயம் புரிந்துவிடுகிறது. முன்பே இருந்த நோய்க்கு இடமில்லை. வயது கடந்தால் சேர்க்கை இல்லை.

எங்கள் வீட்டு நாட்டுப்பூனைக்கு நாட்பட்ட சிறுநீரக நோய். நாங்கள் அணுகிய நிறுவனம் ஒன்று, பரிசோதனைத் தாளில் அந்தப் பெயரைக் கண்டதும், சிறுநீரகம் நீங்கலாகக்கூட அல்ல, பூனையையே நீக்கிவிட்டது. வாசகர்கள் இந்த நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால் எங்கள் சினத்தின் காரணம் விளங்கும். வயதான பூனைகளை மிகப் பரவலாகப் பீடிப்பது இது. பூனை தன் நோவை மறைக்கும் பிராணி. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறியது தெரியவரும்போது சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். ஆனால் அது உடனடி மரணமன்று. பாஸ்பரஸ் குறைந்த உணவு, தோலுக்கடியில் ஏற்றும் திரவம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை என்று கவனித்தால் சில பூனைகள் ஆண்டுக்கணக்கில் நலமாகவே இருக்கின்றன. குணப்படுத்த இயலாது, ஆனால் சமாளிக்க இயலும். செலவு பெரிதன்று, ஆனால் ஓயாது. அந்த ஓயாத செலவைப் பலர் தோளில் பகிர்ந்து வைப்பதற்காகவே காப்பீடு என்ற ஏற்பாட்டை மனிதன் கண்டுபிடித்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

வைணவ உரைகாரர்கள் இதற்கு ஓர் உவமை வைத்திருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம். பூனையோ குட்டியைத் தானே வாயால் கவ்விக்கொண்டு போகும். அது மார்ச்சார நியாயம். தென்கலையாரும் வடகலையாரும் நூற்றாண்டுகளாக இதைச் சொல்லி வாதிட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் விளம்பரத்தில் தென்கலை, இழப்பீட்டில் வடகலை. (இரு கலையாரும் பொறுத்தருள்க.) பூனையை வைத்தே சொன்ன நியாயம் பூனைக்கே கிட்டவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தைப் புறக்கணித்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. எரிகிற வீட்டுக்கு யார் காப்பீடு தருவார் என்பது அவர்கள் கேள்வி. நோய் வந்த பின்பே எல்லாரும் சேர்ந்தால் நலமுள்ளவர்களின் தவணை ஏறும், அவர்கள் விலகுவார்கள், நோயுற்றவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள், குளம் வற்றும். கணக்கு சரி. நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு சிறிய குளத்தின் கணக்கு. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. அதில் சேருகிற ஏழைக் குடும்பத்திடம் உனக்கு முன்பே நோய் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் காப்பீட்டிலும் கேட்பதில்லை. எல்லாரும் உள்ளே இருப்பதால் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே நாட்பட்ட நோயை ஏற்பது இயற்கைக்கு மாறான காரியம் என்ற பேச்சு எங்களிடம் செல்லாது.

தனியாக மருத்துவக் காப்பீடு வாங்கும் மனிதனுக்கும் ஒரு காவல் உண்டு. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது. காத்திரு, பிறகு தருகிறேன் என்றாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பூனையின் பாலிசி அந்தக் காவலுக்குள் வராது. அது மாட்டுக் காப்பீட்டோடு சேர்ந்து பொதுக்காப்பீட்டின் இதர இனங்களில் கிடக்கும் சரக்கு. எனவே காத்திருக்கவும் வழியில்லை. என்றென்றைக்கும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இதைவிடக் கொடியது, நலமாக இருந்தபோதே சேர்ந்த பூனையின் கதி. ஓராண்டு பாலிசி என்றால், இவ்வாண்டு கண்ட நோய் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலில் ‘முன்பே இருந்த நோய்’ என்று பெயர் மாறிவிடக்கூடும். தவணை தவறாமல் கட்டியவருக்கு இதுவா கைம்மாறு? பிரிட்டனில் 1947இலிருந்தே செல்லப்பிராணிக் காப்பீடு உண்டு. அங்கும் முன்பே வந்த நோயைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அங்கும் வியாபாரிகள் வியாபாரிகளே. ஆனால் ‘வாழ்நாள் பாலிசி’ என்ற ஒரு வகையை வைத்திருக்கிறார்கள். இடைவெளியின்றிப் புதுப்பித்து வந்தால், பாலிசிக் காலத்தில் தொடங்கிய நாட்பட்ட நோய்க்கு ஆண்டுதோறும் உச்சவரம்பு புதிதாகத் தொடங்கும். ஓராண்டு வகையும் அங்கு உண்டு; இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தே மக்கள் வாங்குகிறார்கள். இங்கே முகவரிடம் அந்த வேறுபாட்டைக் கேட்டால் நம்மை ஏதோ வழக்காட வந்தவர்போல் பார்க்கிறார்.

மனிதருக்கே வழியில்லாத நாட்டில் பூனைக்கா என்பது அடுத்த கணை. முன்னே சொன்ன முதலமைச்சர் திட்டமே அதற்கு ஓரளவு பதில். பூனைக்குக் கொடுக்காததால் எந்த மனிதருக்கும் ஒரு ரூபாயும் கூடுதலாகப் போய்ச் சேரவில்லை என்பது மீதி. மேலும் இது இரக்கத்தின் விஷயம் மட்டுமன்று. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் வழியே வந்த 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச்சட்டம், விலங்கை வைத்திருப்பவர்மீது அதன் நலனுக்கான கடமையைச் சுமத்துகிறது. நோயிலிருந்தும் வலியிலிருந்தும் விடுதலை என்பதையும் உள்ளடக்கிய ஐந்து விடுதலைகளை உச்சநீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் ஏற்றுப் பேசியது. பழைய தண்டனைச் சட்டம் பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்கு, ஐம்பது ரூபாய் மதிப்புள்ள விலங்கு என்று தரம்பிரித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் நியாயச் சட்டத்தின் 325ஆம் பிரிவில் அந்த ரூபாய்க்கணக்கு இல்லை. குற்றவியல் சட்டமே விலையைக் கைவிட்ட பிறகும், காப்பீட்டுக்காரர் எங்கள் நாட்டுப்பூனையின் சந்தை விலை என்ன என்று கேட்கிறார். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப்பெயரைக்கூட மறக்காமல் குறித்து வைத்தது. அதன் விலையைக் குறிக்கவில்லை.

நாங்கள் கேட்பது அதிகமன்று. காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பைச் செல்லப்பிராணிப் பாலிசிக்கும் நீட்டுக. பாலிசிக் காலத்தில் வந்த நோயைப் புதுப்பித்தலில் தள்ளக்கூடாது என்று விதி செய்க. சென்னை மாநகராட்சி செல்லப்பிராணிகளுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கேட்கத் தொடங்கிவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசிக்காகக் கால்நடை மருந்தகங்களுக்கு வரும் குட்டிகளும் அநேகம். அந்தப் பதிவேட்டோடு ஒரு சிறு தவணையை இணைத்தால் நலமுள்ள இளங்குட்டிகளும் நோயுற்ற கிழங்களும் ஒரே குளத்தில் சேர்வார்கள். அதற்குரிய தொகையைக் கணக்கிட்டுச் சொல்வது காப்பீட்டுக் கணக்கர்களின் தொழில், கேட்டால் சொல்வார்கள். இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதுவரை, பூனை வளர்க்கும் நண்பர்கள் பாலிசியில் கையெழுத்திடும் முன் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்த ஆண்டு கண்ட நோய்க்கு அடுத்த ஆண்டும் பணம் தருவீர்களா?