நீலக் கதவும் பிளந்த இலிங்கமும்

துனீசியாவின் கடலோரக் குன்றொன்றில் சீதி பூ சயீத் என்னும் ஊர் இருக்கிறது. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கீழே மத்தியதரைக் கடல். சென்று மீள்வோர் அந்த நீலத்தையே பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். (அந்த வண்ண ஒழுங்கும் 1910களில் அங்குக் குடியேறிய எர்லாஞ்சே பிரபு முன்னின்று நிலைநிறுத்தியதுதான்.) ஊருக்குப் பெயர் தந்து அங்கேயே அடங்கியிருக்கும் 13ஆம் நூற்றாண்டு இறைநேசர் அபூ சயீத் அல்பாஜீக்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை. 2013 ஜனவரியில் அவர் அடக்கத்தலத்திற்குத் தீ வைக்கப்பட்டபோது, அழகை எழுதிய பேனாக்கள் எங்கே போயின?

தொலைவிலுள்ளோரை மட்டும் குறை சொல்வானேன்? புதுச்சேரியை அடுத்த நம் இரும்பைக்கு வருவோம். ஞானசம்பந்தர் பாடிய மாகாளம் இது. 1968இல் தோன்றிய ஆரோவில்லின் பொன்னிறக் கோளத்தைக் காண வருவோர், வழியிலுள்ள இவ்வூரை ஒரு கதைக்காக மட்டும் நினைக்கின்றனர். கடுவெளிச் சித்தர் சபித்தார், நிலம் பாலையாயிற்று, பின்னர் மனமிரங்கி, தூரதேசத்தார் வந்து பசுமையாக்குவர் என்றார். இவ்வளவே அவர்கள் சொல்லும் கதை!

சித்தர் ஏன் சினந்தார்? ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் கழன்று விழுந்த சிலம்பை எடுத்து அவர் அணிவித்தார். கண்டவர் எள்ளி நகைத்தனர். தூயவர்மீது பழி சுமத்திய அந்தக் கணத்தில்தான் கோயில் இலிங்கம் பிளந்தது என்பது ஊரார் வழக்கு. செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்ட அந்த இலிங்கம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அவதூறைப் பற்றிய கதையை, வந்தவர்களை வாழ்த்தும் கட்டியமாக மாற்றிவிட்டார்களே! இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நம்பிக்கை அவரவர்க்குரியது; அதில் நாம் தலையிடோம். ஆனால், மண் பாழானதற்குச் சாபத்தைக் காட்டுவோர், மரங்களை வெட்டியதையும், காப்பிழந்த செம்மண்ணை மழைநீர் அரித்துக் கடலில் சேர்த்ததையும் ஏன் மறைக்கின்றனர்? வந்தவர்கள் மரம் வளர்த்தது மெய். அவ்வுழைப்பை மறுப்பது நன்றிகேடு. எனினும் குழி தோண்டியவர்களிலும், வரப்பு உயர்த்தியவர்களிலும், கன்றுக்குத் தண்ணீர் சுமந்தவர்களிலும் சுற்றுப்புறக் கிராமத்து ஆண் பெண்கள் இருந்தனர். கூலிக்கு உழைத்தவர்கள் என்பதால் அவர்கள் கதைக்கு வெளியே நிற்க வேண்டுமா?

பயணக் கட்டுரை எழுதும் அன்பர்களைக் கேட்கிறோம்: இரும்பைத் தெருவில் நின்று, அங்குள்ள ஒரு மூதாட்டியின் வாயால் அந்தக் கதையைக் கேட்டு எழுதியவர் உங்களில் எத்தனை பேர்?