பாவமா? குற்றமா?



சங்கரன்கோவிலில் நமக்கு ஒரு கிறிஸ்தவ நண்பர் உண்டு. தறிப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். குடி கிடையாது, சூது கிடையாது. அப்பேர்ப்பட்டவர் சென்ற மாதம் ஒருநாள் இரவு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மூன்று நாளாய் உபவாசமாம். என்ன காரணம் என்று கேட்டால், “மனதில் கெட்ட நினைவுகள் வருகின்றன, அண்ணாச்சி. எவ்வளவு ஜெபம் பண்ணியும் போகவில்லை. நான் மகா பாவி” என்றார்.

இவர் தமது விதவை அக்காளின் சங்கிலியை அடகு வைத்து, மீட்டுக் கொடுக்காமலே இருப்பது நமக்குத் தெரியும். அதைப்பற்றிக் கேட்டோம். “அதையும் கர்த்தரிடம் அறிக்கையிட்டேன்; அவர் மன்னித்துவிட்டார்” என்றார். “சங்கிலி யாருடையது தம்பி? கர்த்தருடையதா, அக்காளுடையதா?” என்றோம். பதில் இல்லை.

இவர் அயோக்கியர் அல்ல. அயோக்கியன் திண்ணையில் வந்து அழமாட்டான். யோக்கியமான ஒரு மனிதனுடைய அறிவை இப்படித் திருப்பிவிட்டது எது என்பதுதான் நமது கேள்வி. பாவம் என்கின்ற கொள்கைதான் என்று சொல்லுகிறோம்.

குற்றம் என்பது மனிதனுக்கு மனிதன் செய்யும் தீங்கு. அதைச் செய்தவன் இன்னான், அடைந்தவன் இன்னான், நஷ்டம் இவ்வளவு என்று கணக்குச் சொல்லலாம், ஈடும் செய்யலாம். பாவம் என்பதோ கடவுளுக்குச் செய்யும் அபசாரமாம். அதை அளந்து சொல்லுகிறவர் குரு. மன்னிப்பு வாங்கித் தருகிறவரும் குருவே. நஷ்டப்பட்டவனுக்கு அந்தப் பேரத்தில் இடமே இல்லை.

இந்தப் பாவமாவது மனிதன் போராடி ஜெயிக்கக்கூடியதா என்றால், அதுவும் இல்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7-ம் அதிகாரத்தில், விரும்பும் நன்மையைத் தம்மால் செய்ய முடியவில்லை என்று அவரே புலம்புகிறார். மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகலாம், குழந்தை பாவத்தோடு பிறக்கவில்லை என்று பெலாகியுஸ் என்பவர் சொன்னார். அந்தக் கொள்கையை 418-ல் கார்த்தேஜில் கூடிய சபை கண்டித்துத் தள்ளியது. நோய் பிறவியிலேயே உண்டு, சாகும்வரை தீராது, மருந்தோ எங்கள் கடையில் மட்டுமே என்றால், அந்தக் கடை என்றைக்காவது மூடப்படுமா? நினைவு என்பது பசியைப்போல் தானாக வருவது. தானாக வருவதைக் குற்றமாக்கினால் மனிதன் ஆயுள் முழுவதும் தன் நிழலோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

நமக்கு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊர். 1860-ல் அங்கே அருளப்பன் என்கின்ற உபதேசியாரின் சபையில் எழுப்புதல் என்று ஒன்று கிளம்பி, திருநெல்வேலிச் சபைகளில் பரவியது. ஜனங்கள் நடுங்கினார்கள், தரையில் விழுந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டு பாவங்களைச் சொல்லிக் கதறினார்கள். அவர்கள் நடித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. உண்மையாகவே அழுதார்கள். அவ்வளவு கண்ணீரும் மேலே பார்த்து விடப்பட்டதே, பக்கத்தில் இருக்கிற மனிதனைப் பார்த்து விடப்படவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

தெற்கே வடக்கன்குளத்துக்குப் போவோம். அது கத்தோலிக்க ஊர். அங்கே பாவத்தைச் சாமியார் காதிலேயே சொல்லலாம். 1872-ல் அங்கே கட்டிய கோயில் கால்சட்டை போன்றது. வேளாளருக்கு ஒரு கால், நாடாருக்கு ஒரு கால், நடுவே சுவர்! 1910-ல் சுவர் இடிக்கப்பட்டபோது, சாதியை விட மனமில்லாதவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஆக, 38 வருஷம் பாவசங்கீர்த்தனம் நடந்தது. 38 வருஷம் சுவரும் நின்றது. கெட்ட நினைவு பாவமாம்! பக்கத்து மனிதனைச் சுவருக்கு அப்பால் நிறுத்துவது மட்டும் வழக்கமாம்!

இந்துத் தோழர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, ஆடித்தபசுக்கு ஊரைக் கூட்டிவிட்டு, மறுநாள் கடையில் குறைத்து நிறுக்கிறவன் அழக்கூட மாட்டான். கிறிஸ்தவ நண்பராவது அழுகிறார்.

பாவபயம் இல்லாவிட்டால் உலகம் கெட்டுப்போகாதா என்பார்கள். பயம் இருந்தும் சங்கிலி அடகுக் கடையில்தானே இருக்கிறது! மிஷன்காரர்கள் பள்ளிக்கூடம் வைக்கவில்லையா என்பார்கள். வைத்தார்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் எழுத்தறிவித்தார்கள். அதை மறைப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அந்த நன்மை எல்லாம் மனிதனுக்கு மனிதன் செய்தது என்பதை மறக்கலாமா?

நண்பரின் வேதத்திலேயே மத்தேயு 5-ம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று சொல்லியிருக்கிறது. லூக்கா 19-ல் சகேயு என்கின்ற வரி வசூல்காரன், ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொல்லுகிறான். இந்த இரண்டு இடங்களும் மற்ற இடங்களைப்போல் ஏன் உங்களைத் தூங்கவிடாமல் செய்வதில்லை, தோழரே?

உபவாசத்தை நிறுத்துங்கள். சாப்பிடுங்கள். சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். சங்கிலியை மீட்டு அக்காள் கையில் கொடுங்கள். அவள் “சரி தம்பி” என்று சொல்லட்டும். அந்த மன்னிப்பைக் கொடுக்க அவளுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. அன்றைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருகிறதா இல்லையா என்று பாருங்கள்.