ரேங்க் போட்டது யார்?



பாரிஸில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் இரண்டு ஒயின் பாட்டில்களின் படத்தை அனுப்பியிருந்தார். இரண்டிலும் போர்தோ என்ற ஊர்ப்பெயர். ஒன்று 6 யூரோ, மற்றது 600 யூரோ. "ஏன் சார் இப்படி?" என்று கேட்டிருந்தார். நான் அதைத் தொட்டவன் இல்லை. ஆனால் யாராவது கேள்வி கேட்டால் பதில் தேடாமல் இருக்க முடிவதில்லை. வாத்தியார் புத்தி!

ஒரு காலத்தில் எங்கோ விளைந்த திராட்சையை வைத்துக்கொண்டு, பேர்பெற்ற ஊரின் பெயரை ஒட்டி விற்றார்கள். வயிறெரிந்த ஷாம்பெய்ன் பகுதி விவசாயிகள் 1911-ல் கலவரத்திலேயே இறங்கினார்கள். பிறகு 1935-ல் சட்டம் வந்தது. இன்று மூன்று படிகள். கீழ்ப்படியில் 'வேன் து பிரான்ஸ்', பிரான்சில் எங்கு விளைந்ததாகவும் இருக்கலாம். நடுவில் ஐ.ஜி.பி., இன்ன வட்டாரம் என்று சொல்லும். மேலே ஏ.ஓ.சி. எந்த ஊர் எல்லை, எந்த ரகம், ஏக்கருக்கு எவ்வளவுக்கு மேல் விளைச்சல் எடுக்கக்கூடாது என்பது வரை விதி உண்டு. நம் காஞ்சிபுரம் பட்டுக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கொடுத்திருக்கும் புவிசார் குறியீடு போலத்தான், இன்னும் கறாராக.

ஆனால் மாணவர் அனுப்பிய இரண்டு பாட்டிலும் ஏ.ஓ.சி.தான்! அந்த முத்திரை பிறந்த ஊரைச் சொல்லும், வளர்த்த முறையைச் சொல்லும். ருசிக்கு உத்தரவாதம் தராது. விலைக்குக் காரணம் வேறு. பர்கண்டியில் ரொமானே-கோன்தி என்று ஒரு தோட்டம், மொத்தமே 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். வருடத்துக்குச் சில ஆயிரம் பாட்டில்தான். கேட்பவர்களோ உலகம் முழுக்க. ஒரு பாட்டில் லட்சக்கணக்கில் போகாமல் என்ன செய்யும்?

போர்தோ கதைதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் பட்டியல் கேட்க, ஊர்த் தரகர்கள் ஐந்து தரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எதை வைத்து? அதுவரை சந்தையில் விற்ற விலையை வைத்து! விலை பார்த்துத் தரம் போட்டார்கள். இன்று தரம் பார்த்து விலை போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் தரம் உயர்ந்தது ஒரே ஒரு தோட்டம்தான், மூத்தோன் ரோத்ஷில்ட். இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு வர அதற்கு 1973 வரை ஆனது. இன்னொன்று, ரேங்க் மண்ணுக்கு இல்லை, தோட்டத்தின் பெயருக்கு. பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தால் அதற்கும் அதே ரேங்க் வந்துவிடும்.

1976-ல் பாரிஸில் பாட்டிலின் பெயரை மறைத்து, பிரெஞ்சு நிபுணர்களையே ருசி பார்க்கச் சொன்னார்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது! அரசுத் தேர்வில் விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுவது இதற்காகத்தானே.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒருவர் பதினைந்து வருடமாக லேத் மெஷினில் நிற்கிறார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனபோது முதலில் பார்த்தது அவருடைய பத்தாம் வகுப்பு மார்க்கைத்தான். ஓட்டிக் காட்டச் சொல்லவே இல்லையாம். பதினாறு வயதில் போட்ட ரேங்க், 1855 பட்டியல் மாதிரி ஒட்டிக்கொண்டே வருகிறது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

உங்களில் நாலைந்து பேர் சிப்காட் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அடுத்த முறை மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு ஜாப் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். யார் தேறினார்கள் என்று எனக்கு எழுதுங்கள், ஆவலாக இருப்பேன்.