நானும்தான் சிரித்தேன்

மாவடு போடும் பக்குவம் கேட்டு எழுதிய சகோதரிகள் மன்னிக்கணும். அதை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை மனசில் வேறொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு வருகிறவள், ஒரு மாதமாக ஏழரைக்கு வந்தாள். "ஏண்டி, வழியில என்ன அரட்டை?" என்று தினமும் என்னிடம் பாட்டு வாங்கினாள். ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னாள். மருந்துக்கடை முனையில் ஒரு பையன் நிற்கிறானாம். வீடு வரை பின்னாலேயே வருகிறானாம். அதனால் கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறாளாம்.

"என்கிட்ட முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா டியூஷனை நிறுத்திடுவே. அதோட, அன்னிக்கு டிவியில அந்தப் பொண்ணு வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஹீரோ பின்னாடியே போனப்ப, நீயும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிச்சீங்களே!"

எனக்குச் சுரீரென்றது. சிரித்தது வாஸ்தவம்தான். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். முதலில் முறைக்கிற பெண், இடைவேளைக்குள் அவனோடு டூயட் பாடிவிடுவாள். 'வேண்டாம்' என்றால் 'இன்னும் துரத்து' என்று அர்த்தம் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரா சொல்லிக் கொடுத்தார்?

1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, இளைஞர்கள் சிலரின் சீண்டலால் உயிரையே விட்டாள். பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்க அந்த ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? தாவணியை ஒழுங்காகப் போடு என்று எனக்கு உபதேசம். அண்ணனுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

நானும் இவரும் அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். "ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படி இப்படித்தாங்க இருக்கும். உங்க பொண்ணைப் பார்த்துக்குங்க" என்றாள் அவன் அம்மா. பின்தொடர்வது 2013-லிருந்தே குற்றம், முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்று இவர் நிதானமாகச் சொன்னார். அந்த அம்மாள் முகம் வெளிறிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது என் கோபம் என் பக்கமே திரும்பியது. முழங்காலில் ரத்தம் வழிய வந்த என் மகனிடம், "பொம்பளை மாதிரி அழாதேடா" என்றவள் நான். அவன் தங்கையை அறைந்தபோது, "அவனுக்குக் கோபம் வரும், நீ விட்டுக்கொடு" என்றதும் நான்தான். அத்தை கன்னம் வீங்கி வந்து நின்றபோது, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று என் அம்மா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள்தானே!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு கேள்வி. சரியாகச் சமைக்காதது, சொல்லாமல் வெளியே போவது என்று ஏழு காரணங்களைச் சொல்லி, மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு காரணத்துக்காவது 'நியாயம்' என்ற ஆண்கள் நூற்றுக்கு 44. பெண்கள் 45! நம் பக்கம்தான் ஒன்று கூடுதல்.

181 என்ற மகளிர் உதவி எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். மகனிடமும் பேச ஆரம்பித்திருக்கிறேன். "போம்மா" என்கிறான், விடுவதாக இல்லை.

அந்தப் பையன் இப்போது முனையில் நிற்பதில்லை. ஆனாலும் இவள் கோயில் தெரு வழியாகத்தான் வருகிறாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. ஏழரைக்குத்தான் தோசைக்கல்லைப் போடுகிறேன்.