95 பேருக்குச் சோறு

கன்னியாகுமரிக்கு வருகிறீர்கள். சூரியன் உதிப்பதைப் பார்க்கிறீர்கள். படகேறிப் பாறைக்குப் போகிறீர்கள். சங்கும் பாசிமணியும் வாங்கி பஸ் ஏறிவிடுகிறீர்கள். மாவட்டம் முடிந்துபோயிற்று!

வெளியூர்க்காரரைச் சொல்வானேன்? நம்மவர் யோக்கியதை என்ன? சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கி, 'கோவிந்தா, கோபாலா' என்று பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள். பக்கத்திலேயே பார்த்திவபுரம் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

கி.பி. 866-ல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறை சபையாரிடம் மாற்றுநிலம் கொடுத்து இடம் வாங்கி, திருமாலுக்குக் கோயில் எடுத்து, கூடவே ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்றால் தார் ரோடு அல்ல. உண்டு உறைந்து படிக்கும் கல்விக்கூடம். ஊருக்குப் பெயர் பார்த்திவசேகரபுரம். அந்தச் செப்பேடு திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் கிடந்தது. கோபிநாத ராவ் அதைப் படித்து அச்சிட்டு நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நாம் இன்னும் வாசித்த பாடில்லை.

மாணவர் 95 பேர். இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும். காந்தளூர்ச் சாலை நடைமுறைதான் இங்கும். வாய்ச்சண்டைக்கும் கைச்சண்டைக்கும் தண்டனை உண்டு. கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது. இன்றைய கல்லூரி விடுதிகளுக்கும் பொருந்துகிற சட்டம்தான்!

இதைச் சொன்னால் போதும், சிலருக்கு மார்பு விம்மிவிடும். 'தென்னாட்டு நாளந்தா' என்று செல்போனில் நாலு பேருக்குத் தட்டிவிடுவார்கள். அய்யா, கொஞ்சம் பொறும். அதே செப்பேட்டில் இடஒதுக்கீடும் இருக்கிறது. பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14. கூட்டிப் பாருங்கள், 95 ஆயிற்று. எல்லாம் வேதம் ஓதுகிறவர்களுக்கு. ஏலாவில் இறங்கி நாற்று நட்டவன் பிள்ளைக்கும், பனையேறியின் பிள்ளைக்கும், வலை இழுத்தவன் பிள்ளைக்கும் எத்தனை? சுழி! அவன் விளைவித்த நெல்தானே அங்கே சோறாகிப் பந்தியில் விழுந்தது?

அப்புறம் ஆயிரம் வருஷம் போயிற்று. இதே மண்ணில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்கு அடிபட்டு, உதைபட்டு, 1859-ல் ஓர் அரச உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. எல்லோரும் கோயிலுக்குள் நுழைய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே இந்த மாவட்டம் முதலிடம் என்றால், அது கருநந்தடக்கன் போட்ட பிச்சை அல்ல. பள்ளிக்கூடத்து வாசலை முட்டித் திறந்தவர்கள் பெற்றுத் தந்தது.

அதற்காகப் பார்த்திவபுரத்தைத் தலைமுழுகிவிடலாமா? கூடாது. பாதியை மறைத்துப் பெருமை பேசுவது ஒரு களவு என்றால், முழுசையும் மறந்து கிடப்பது இன்னொரு களவு. செப்பேட்டை ஒரு வரி விடாமல் இன்றைய தமிழில் கல்லில் வெட்டி ஊர்முகப்பில் நிறுத்துங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வாசிக்கச் சொல்லுங்கள். 95 பேருக்குச் சோறு போட்ட கணக்கையும் தெரிந்துகொள்ளட்டும், இலை போடாமல் விட்டவர்களின் கணக்கையும் கேட்கட்டும். கேட்கிற பிள்ளைகள்தான் இனி அந்தச் சாலையின் மாணாக்கர்.