கத்தம் ஓதினால் கல்வி முடிந்ததா?



ஓரிக்கையில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தறி புதிதன்று. பட்டுச் சேலையின் கரையையும் முந்தானையையும் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். அதற்கேற்ப அட்டை குத்தி ஜக்கார்டில் ஏற்றிய பின்னரே நெய்கிறார்கள். நடுவில் நிறுத்திப் பிழையும் பார்க்கிறார்கள். ஒரு சேலைக்கே இத்தனை திட்டம் வேண்டுமெனில், ஒரு பிள்ளையின் மார்க்கக் கல்விக்கு வேண்டாமா?

நம் மக்தபுகள் பலவற்றில் பாடத்திட்டம் என்று எடுத்துக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. காயிதா, அம்ம ஜுஸ்உ, பிறகு குர்ஆன். கத்தம் ஆனதும் இனிப்பு வழங்குகிறோம். பிள்ளை டியூஷனுக்குப் போய்விடுகிறது. இரண்டு முறை கத்தம் முடித்த நம் மாணவன் ஒருவனிடம், ருகூவில் ஓதும் தஸ்பீஹின் பொருளைக் கேட்டோம். அவன் விழித்தான். வெட்கப்பட வேண்டியவர்கள் கற்பித்த நாமே.

“முன்னோர் வகுத்ததை மாற்றலாமா?” என்று கேட்போர் உளர். அரபு மதரஸாக்கள் இன்றும் போற்றும் தர்ஸே நிஜாமி, 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் தம் காலத் தேவையறிந்து வகுத்தது. அதையும் சீர்திருத்த வேண்டும் என்று எண்ணிய ஆலிம்களே 1898இல் அதே லக்னோவில் நத்வா தாருல் உலூமைத் தொடங்கினர். குர்ஆன் மாறாது, அதைக் கற்பிக்கும் முறை மனிதர் வகுத்தது.

படிப்படியாகக் கற்பிப்பது நமக்கு அந்நியமான கல்விக் கொள்கையன்று. குர்ஆன் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பட்டது. மதுவிலக்கும் படிப்படியாகவே வந்தது (2:219, 4:43, 5:90). முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் முதலில் ஏகத்துவம், அதை ஏற்றால் தொழுகை, அதன் பின் ஜகாத் என்று வரிசை வகுத்துக் கொடுத்தார்கள். அந்த வரிசை நம் மக்தபில் எங்கே?

நாம் கேட்பது மூன்று. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை எதைக் கற்கும் என்பதை எழுதி வையுங்கள்: இன்ன ஸூராக்கள் பொருளுடன், இன்ன மஸாயில்கள், இன்ன நற்பழக்கங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதியுங்கள். உளூச் செய்து காட்டட்டும், தொழுது காட்டட்டும். ஆண்டு விழாவில் மனனம் செய்த பேச்சை ஒப்பிப்பது தேர்வாகாது. ஷஃபானில் உஸ்தாதும் நிர்வாகிகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து, எது பயன் தந்தது, எது தரவில்லை என்று பார்த்து, ஷவ்வாலுக்குள் திருத்துங்கள்.

பெற்றோரே, பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலை வரி வரியாகப் படிக்கிறீர்கள். மதரஸாவில் மட்டும் “எத்தனை ஜுஸ்உ ஆயிற்று?” என்பதோடு நிறுத்துகிறீர்கள். இன்றிரவு பிள்ளையை அருகில் அமர்த்தி, அல்ஃபாத்திஹாவின் பொருளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிள்ளையைக் கடியாதீர்கள். நாளை மக்தபுக்கு வந்து எம்மைக் கேளுங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.